புள்ளி ஐந்து ஐந்து என்றால் எவ்வளவு தூரம்?

பெருமாள்புரம்,
பாளையங்கோட்டை,
அக்டோபர் 14, 2025

அன்பு நண்பர் ஷேக் மைதீன் அவர்களுக்கு,

இங்கே நானும் வடிவும் சுகமாக இருக்கிறோம். மழை பிடித்ததும் அவளுக்கு முழங்கால் வலி கூடியிருக்கிறது. எனக்கு வழக்கம்போல ஒன்றுமில்லாததற்கெல்லாம் கவலை. ஷார்ஜாவில் வெயில் தணிந்ததா? மகள் மர்வா உம்மைக் காலையில் நடக்கக் கூட்டிப்போகிறாளா?

நீர் வாட்ஸ்அப்பில் குரல்செய்தி அனுப்புகிறீர். எனக்கு அதில் பதில் சொல்ல வரவில்லை. பேச ஆரம்பித்தால் சொல்ல வந்ததை விட்டுவிடுகிறேன். ஆகவே மின்னஞ்சலில் கடிதமாகவே எழுதுகிறேன். நிதானமாகப் படியும்.

பேட்டையில் மூச்சுத்திணறல்காரர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்தும் அறக்கட்டளையிலிருந்து செயலாளர் பிரேமலதா போன் செய்தார். நம் தொகுப்பாய்வு அறிக்கை கிடைத்ததாம். எட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் பயிற்சியின் விளைவளவு 0.55, "நடுத்தரம்" என்று நாம் எழுதியிருப்பதைக் கண்டு நிர்வாகக் குழுவுக்குச் சந்தோஷம் என்றார். அதன் பிறகு தயங்கித் தயங்கி, "சார், தப்பா நினைக்காதிய. இந்தப் புள்ளி அஞ்சஞ்சுன்னா எவ்வளவு சார்?" என்று கேட்டார்.

நான் விளக்கினேன். எட்டு ஆய்வுகளிலும் அளந்த விதம் வேறு வேறு. சிலவற்றில் ஆறு நிமிடத்தில் எத்தனை மீட்டர் நடந்தார்கள் என்று பார்த்தார்கள். சிலவற்றில் டிரெட்மில்லில் எத்தனை நிமிடம் தாங்கினார்கள் என்று பார்த்தார்கள். மீட்டரையும் நிமிடத்தையும் நேரடியாகக் கூட்ட முடியாது. அதனால் ஒவ்வொரு ஆய்விலும் பயிற்சியால் வந்த வேறுபாட்டை, அந்த ஆய்வில் ஆளுக்கு ஆள் இருக்கும் வழக்கமான ஏற்றத்தாழ்வால், அதாவது திட்டவிலக்கத்தால் வகுத்துவிட்டோம். இப்போது எல்லாம் ஒரே அளவுக்கு வந்துவிட்டன. வழக்கமான ஏற்றத்தாழ்வில் பாதிக்குச் சற்று மேலே பயிற்சி தூக்கிவிட்டிருக்கிறது என்பதுதான் 0.55 என்றேன். அவர், "நல்லது சார்" என்றார். கல்லூரி வகுப்பில் புரியாத பிள்ளைகள் நம்மிடம் சொல்வார்களே, அதே "நல்லது சார்".

அதோடு விட்டிருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன். போனை வைக்கும் முன் அவர் இன்னொன்று சொன்னார். குழுவில் பேசி முடிவு செய்திருக்கிறார்களாம்: அறிக்கையில் "நடுத்தரம்" என்று இருந்தால் பேட்டை வகுப்பு தொடரும். "சிறியது" என்று இருந்தால் பொங்கலோடு மூடிவிட்டுக் கண் முகாமுக்கு மாற்றிவிடுவார்கள். கூட்டம் நவம்பர் எட்டாம் தேதி, சனிக்கிழமை. நாம் ஏதோ புத்தக வழக்கப்படி போட்ட ஒரு சொல்லுக்கு இத்தனை பாரமா?

பேச்சிராஜை உமக்கு நினைவிருக்கும். வடிவின் தம்பி. முன்பு மாஞ்சோலைக்கு நாம் இருவரும் பஸ்ஸில் போனபோது நமக்குச் சோறு போட்டு, இறங்கும்போது தேயிலைப் பொட்டலம் கொடுத்தானே, அவன்தான். மலையைவிட்டு இறங்கி வந்து இப்போது பேட்டையில் வாடகை வீட்டில் இருக்கிறான். மகள் தேன்மொழி அங்கே ஒரு பட்டறையில் கணக்கு எழுதுகிறாள். மூச்சுக்குழல் சுருங்கிவிட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பீடியா, மலைக் குளிரா, அடுப்புப் புகையா என்று அவர் பிரித்துச் சொல்லவில்லை. வாரத்தில் மூன்று காலை அந்த வகுப்புக்குப் போகிறான். போன வருடம் தெருமுனைக் குழாயடிக்குப் போய்வரவே உட்கார்ந்து எழுந்து போனவன், இப்போது பஸ் நிறுத்தம் வரை நிற்காமல் போகிறான். ஒற்றை ஆளை வைத்து ஒன்றும் சொல்லக்கூடாது என்று நாம்தான் வருடா வருடம் பாடம் நடத்தினோம். சொல்லவில்லை. ஆனால் அவன் என் மைத்துனன்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தவனிடம் வடிவு விஷயத்தைச் சொல்லிவிட்டாள். அவன் சிரித்துக்கொண்டே, "அத்தான், எனக்குப் புள்ளியெல்லாம் வேண்டாம். அது எத்தன அடின்னு சொல்லுங்க. பஸ் ஸ்டாண்டு தாண்டி டீக்கடை வரைக்கும் வருமா?" என்று கேட்டான். நான் சிரித்து மழுப்பினேன். அவன் போன பிறகு மேசையில் உட்கார்ந்தேன்.

நான் செய்தது இதுதான். பேட்டை வகுப்பில் சேர வருகிறவர்களின் ஆறு நிமிட நடையை இயன்முறைப் பயிற்சியாளர் ஜாபேஸ் முதல் நாளே அளந்து வைத்திருக்கிறார். அதன் திட்டவிலக்கம் எண்பது மீட்டர். நம் 0.55-ஐ அதனால் பெருக்கினால் நாற்பத்துநான்கு மீட்டர். நுரையீரல் மருத்துவர்கள் முப்பது மீட்டர் வாக்கில் கூடினாலே நோயாளிக்கு வித்தியாசம் தெரியும் என்கிறார்கள். ஆக நல்ல செய்தி. அப்படியே எட்டு ஆய்வுகளையும் தனித்தனியாக மீட்டருக்கு மாற்றினேன். ஒன்று இருபத்தைந்து, ஒன்று முப்பத்தெட்டு என்று வந்தன. ஆறாவது ஆய்வு மட்டும் நூற்று நாற்பது மீட்டர் என்றது.

மைதீன், அந்த வகுப்புக்கு வருகிறவர்கள் ஆறு நிமிடத்தில் நடப்பதே முந்நூறு மீட்டர் சுமார். எட்டு வாரப் பயிற்சியில் அதில் பாதியளவு கூடுமா? விளைவளவு 1.75 என்று அட்டவணையில் இருந்தபோது என் கண்ணுக்கு ஒன்றும் தோன்றவில்லை. மீட்டராக எழுதியதும் நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டேன். என் கணக்குத்தான் தப்பு என்று திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். வடிவு வைத்த காபி ஆறி ஆடை படிந்துவிட்டது.

அந்த ஆய்வின் எண்களை எடுத்து எழுதியவர் நீர். உம் கண்ணில் பட்டு என் கண்ணில் படாத காரணம் ஏதாவது இருக்கும். சிரமம் பாராமல் அந்த அட்டவணையை ஒரு தடவை திறந்து பார்ப்பீரா? அவசரமில்லை. ஆனால் கூட்டம் எட்டாம் தேதி.

பேரப் பிள்ளைகளுக்கு என் ஆசிகள்.

உமது,
தளவாய்


பெருமாள்புரம்,
அக்டோபர் 27

அன்பு மைதீன் அவர்களுக்கு,

நீர் போனில் கோபப்பட்டதை நான் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. "என்னவே தளவாய், கூட்டல் கழித்தல் குறி போட்டா அது என்னன்னு ஆயுசு பூரா நாமளே பாடம் எடுத்துட்டு, இப்ப ரிட்டையர் ஆனப்புறம் என்னயப் பரீட்சை வைக்கீரா?" என்று கேட்டீர். நான் "இல்ல மைதீன், சும்மா ஒரு சந்தேகம்" என்று சொல்லிவிட்டு மழையைப் பற்றிப் பேசிவிட்டேன். நேரில் இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன். எழுத்தில்தான் எனக்குக் கொஞ்சமாவது வாய் வருகிறது.

நீர் சொன்னது சரி. நம் துறையில், அந்த ஆறாவது ஆய்வில் இருப்பதுபோல 2.1 என்று எழுதிப் பக்கத்தில் அந்தக் குறியோடு 1.2 என்று போட்டால் அது திட்டவிலக்கம்தான். வேறு எதையும் அப்படி எழுதினால் நம் பழைய துறைத்தலைவர் ஆய்வுக்கூட நோட்டைக் கிழித்துப் போட்டுவிடுவார். நாமும் அப்படியே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தோம். அந்தக் கட்டுரையை எழுதியவர்கள் நம் துறையில் படித்தவர்கள் இல்லையே. சில பத்திரிகைகளில் அதே குறியைப் போட்டுத் திட்டப்பிழையை எழுதுகிறார்கள். ஆளுக்கு ஆள் உள்ள ஏற்றத்தாழ்வை எழுதாமல், சராசரியில் உள்ள நிச்சயமின்மையை எழுதுகிறார்கள். அது எப்போதும் சிறிய எண். சிறிய எண்ணால் வகுத்தால் விளைவு பெரிதாகத்தான் தெரியும்.

இதை நான் ஊகத்தில் சொல்லவில்லை. ஊகத்தில் உம்மிடம் வந்து நிற்க எனக்குத் துணிவு ஏது? அந்தக் கட்டுரையின் கடைசிப் பத்தியைப் பாரும். இந்த வேறுபாடு தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்று அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். குழுவுக்கு இருபது பேர். 1.2 திட்டவிலக்கமாக இருந்தால் 2.1 நிமிட வேறுபாட்டைத் தற்செயல் என்று யாரும் சொல்ல முடியாது. திட்டப்பிழையாக இருந்தால் அவர்கள் சொல்வது கச்சிதமாகப் பொருந்துகிறது. அப்படித் திருத்தினால் அந்த ஆய்வின் விளைவு 1.75 இல்லை, 0.39. மீட்டரில் முப்பத்தொன்று. மற்ற ஏழும் சொல்வதையே அதுவும் சொல்கிறது.

இப்போது மொத்தத்தையும் மீண்டும் சேர்த்தால் 0.38 வருகிறது. நம்பக எல்லை 0.20 முதல் 0.56 வரை, உண்மையான எண் அதற்குள் எங்கேயும் இருக்கலாம்.

புத்தகத்தில் 0.2 சிறியது, 0.5 நடுத்தரம். 0.38-ஐக் குழு எந்தப் பக்கம் தள்ளும் என்று உமக்குத் தெரியும். தலைவர் குற்றாலலிங்கம் அண்ணாச்சி வங்கியில் மேலாளராக இருந்தவர். புள்ளி ஐந்துக்குக் கீழே என்றால் அவருக்குக் கீழேதான்.

எனக்கு ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. கடைக்குப் போகிறேன் என்று கிளம்பிக் கொக்கிரகுளம் பாலம் வரை போய்விடுகிறேன். ஆற்றில் செம்மண் நிறத்தில் தண்ணீர் போகிறது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துவிட்டு, வாங்கப் போனதை வாங்காமல் திரும்பி வருகிறேன். வடிவு ஒன்றும் கேட்பதில்லை. நேற்று மட்டும், "தம்பி விஷயமா?" என்றாள். கணக்கு விஷயம் என்றேன். "ரெண்டும் ஒண்ணுதானே இப்ப" என்றாள்.

உமக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். "சிறியது", "நடுத்தரம்" என்ற சொற்களை எடுத்துவிட்டு மீட்டரில் எழுதினால் நியாயமாக இருக்கும் என்று நினைத்தேன். முப்பது மீட்டர் என்றால் சாதாரண மனிதனுக்குப் புரியும். அப்புறம்தான் கவனித்தேன், அந்த எண்பதை நான் எங்கிருந்து எடுத்தேன் என்பதில் எல்லாம் இருக்கிறது. நாம் சேர்த்த ஆய்வுகளில் ஒரு வெளிநாட்டு ஆய்வின் திட்டவிலக்கம் நூறு மீட்டர். அதனால் பெருக்கினால் முப்பத்தெட்டு மீட்டர். மருத்துவர்கள் சொல்லும் முப்பது மீட்டர் கோட்டை நன்றாகத் தாண்டிவிடும். நூறையும் தப்பு என்று யாரும் சொல்ல முடியாது. ஒரு மத்தியானம் முழுக்க அந்த நூறை எழுதுவதும் அடிப்பதுமாக இருந்தேன். பேச்சிராஜ் முகம் வந்து வந்து போனது. கடைசியில் எண்பதே இருக்கட்டும் என்று விட்டேன். நடக்கப்போவது பேட்டைக்காரர்கள், அவர்களுடைய ஏற்றத்தாழ்வைத்தான் எடுக்க வேண்டும். விடை தெரிவதற்கு முன்னால் எடுத்ததும் அதுதான். விடை தெரிந்த பிறகு அளவுகோலை மாற்றுகிறவனை நாம் என்னவென்று சொல்வோம்?

நூறு பேர் கணக்காகவும் போட்டுப் பார்த்தேன். பயிற்சி இல்லாமல் விட்டாலும் நூறில் சுமார் முப்பத்தைந்து பேருக்கு அந்த முப்பது மீட்டர் கூடிவிடுகிறது. நல்ல நாள், கெட்ட நாள் என்று உடம்பு ஏறி இறங்குமே, அதனால். பயிற்சி கொடுத்தால் ஐம்பது பேர். ஆக, பயிற்சியால் கூடுதலாகப் பயன் பெறுவது நூறில் பதினைந்து பேர். கணக்கு ஒன்றுதான், அதை இப்படியும் சொல்லலாம். இது கூடுதலா குறைவா என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. காலையில் கூடுதலாகவும் சாயங்காலம் குறைவாகவும் தெரிகிறது.

அறிக்கையில் முதல் பெயர் உம்முடையது. உம் சம்மதமில்லாமல் ஒரு எழுத்தை மாற்றவும் எனக்கு மனமில்லை. திருத்திய அறிக்கையை இத்துடன் இணைத்திருக்கிறேன். தவறு யாருடையது என்று எங்கும் எழுதவில்லை. "எண்கள் மறுபரிசீலனை செய்யப்பட்டன" என்று மட்டும் இருக்கிறது. நான் சொல்வது தவறு என்றால் அதையும் சொல்லும். ஒருவேளை நான்தான் எங்கோ பிசகியிருப்பேன். ஒரு வரி போதும்.

மர்வாவுக்கு என் அன்பு. உம் சர்க்கரை அளவு எப்படி இருக்கிறது என்று அவளையாவது எழுதச் சொல்லும்.

உமது,
தளவாய்


பெருமாள்புரம்,
நவம்பர் 10

அன்பு மைதீன் அவர்களுக்கு,

உம்மிடமிருந்து வரி எதுவும் வரவில்லை. கூட்டத்துக்கு முந்தின நாள் மத்தியானம் வரை பார்த்தேன். நீர் என் கடிதத்தைப் படித்துவிட்டீரா என்பதுகூடத் தெரியவில்லை. போன் செய்யலாம் என்று எடுத்து எடுத்து வைத்தேன். எடுத்தால் மழையைப் பற்றித்தான் பேசியிருப்பேன்.

கடைசியில் திருத்திய அறிக்கையை அனுப்பிவிட்டேன். இரண்டு பெயர்களும் முன்போலவே இருக்கின்றன, உம் பெயர் முதலில். இது உமக்குச் சம்மதமில்லை என்றால், உம் பெயரை எடுத்துவிடும்படி அவர்களுக்கு நானே எழுதுகிறேன். உம்மைக் கேட்காமல் செய்தேன் என்பது நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது. அனுப்பாமல் இருந்திருந்தாலும் அப்படித்தான் கிடந்திருக்கும்.

கூட்டம் பேட்டையில், வகுப்பு நடக்கும் அதே கூடத்தில் நடந்தது. தரையில் ஜாபேஸ் நடைக்காக ஒட்டிய மஞ்சள் பட்டைகள் அப்படியே இருந்தன. வகுப்புக்காரர்கள் சிலர் வெளியே பாதாம் மரத்தடியில் நின்றார்கள். பேச்சிராஜும் நின்றான். அவனைப் பார்க்காதது போல உள்ளே போனேன்.

என்னையே பேசச் சொன்னார்கள். தாளைப் பார்த்து வாசித்துவிட்டேன். முதலில் தந்த எண் கூடுதல், சரியான எண் 0.38 என்றேன். அது ஆறு நிமிட நடையில் சராசரியாக முப்பது மீட்டர் என்றேன். பதினாறாகவும் இருக்கலாம், நாற்பத்தைந்தாகவும் இருக்கலாம், எங்களால் அதற்கு மேல் குறுக்கிச் சொல்ல இயலவில்லை என்றேன். நூறில் பதினைந்து பேர் கணக்கையும் சொன்னேன்.

குற்றாலலிங்கம் அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அப்ப எம்பத்தஞ்சு பேருக்கு வெட்டி வேலைன்னு சொல்லுதீயளா சார்?" என்றார். இல்லை, அதில் முப்பத்தைந்து பேர் எப்படியும் தேறுகிறவர்கள் என்றேன். "அப்ப அவங்களுக்கும் வகுப்பு வேண்டாம்லா?" என்றார். பக்கத்தில் இருந்த பிரேமலதா சட்டென்று, "அண்ணாச்சி, யாரு தேறுவா யாரு தேறமாட்டான்னு நெத்தியில எழுதி ஒட்டியா அனுப்புதாங்க? போன மாசம் வரைக்கும் நடுத்தரம் நடுத்தரம்னு சந்தோசப்பட்டீய. அது எவ்வளவுன்னு ஒருத்தராவது கேட்டீயளா? இப்ப பதினைஞ்சு பேருன்னதும் கசக்குதோ?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணாச்சியும் சிரித்துவிட்டார். நான் மட்டும் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வகுப்பை மூடவில்லை. அந்தச் செய்தியை முதலில் எழுதியிருக்க வேண்டும், மன்னியும். பொங்கலுக்குப் பிறகு வாரம் மூன்று நாள் என்பதை ஒரு நாளாகக் குறைத்து நடத்துவது என்று முடிவு செய்தார்கள். பதினைந்து பேருக்கு ஒரு நாள் தாராளம் என்று அண்ணாச்சி சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

அங்கேதான் நான் எழுந்திருக்க வேண்டும். நம் எட்டு ஆய்வுகளில் ஒன்றில்கூட வாரம் ஒரு நாள் பயிற்சி இல்லை. எல்லாமே இரண்டோ மூன்றோ. அந்த முப்பது மீட்டர் அந்த நாட்களுக்கு உரியது. ஒரு நாளுக்கு எத்தனை மீட்டர் என்று யாரும் அளக்கவில்லை. பத்தாக இருக்கலாம், ஒன்றுமில்லாமலும் இருக்கலாம். அடுத்த வருடம் ஜாபேஸ் அளந்து பார்த்துக் குறைவாக வந்தால், நம் அறிக்கையைக் காட்டித்தான் வகுப்பை மூடுவார்கள். சொல்ல வேண்டும் என்று கையைக்கூடத் தூக்கினேன். அதற்குள் வடையும் டீயும் வந்துவிட்டன. கையில் டம்ளரை வைத்துவிட்டார்கள்.

அதனால் ஒரு குறிப்பு எழுதி இணைத்திருக்கிறேன். அரைப் பக்கம்தான். வாரம் ஒரு நாள் வகுப்புக்கு இந்த அறிக்கை சாட்சி சொல்லாது, இரண்டு நாளாவது வைத்தால் மட்டுமே இந்த எண்கள் பொருந்தும் என்று மட்டும் சொல்கிறது. உம் பெயர் இல்லாமல் என் பெயரில் மட்டும் போனால், மைத்துனனுக்காகப் பேசுகிறான் என்பார்கள். அதில் பொய்யும் இல்லையே. உம் பெயர் இருந்தால் கணக்கு பேசுகிறது என்பார்கள். படித்துப் பாரும். ஒரு சொல் அதிகமாக இருந்தால் அடியும். உமக்கு என்மேல் கோபம் இருக்கட்டும். கோபத்தோடேயே கையெழுத்துப் போடும்.

கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது பேச்சிராஜ் பாதாம் மரத்தடியில் எனக்காக நின்றுகொண்டிருந்தான். பிரேமலதா அவர்களிடம் முன்பே வந்து சொல்லியிருக்கிறார். எனக்குச் சொல்லும் வேலை மிஞ்சவில்லை. இருவரும் பஸ் நிறுத்தம் வரை நடந்தோம். அவன் பையத்தான் நடந்தான், ஆனால் நிற்கவில்லை. நிறுத்தத்தில் வந்து, மூச்சை வாங்கிக்கொண்டு, வழக்கமான கேலிச் சிரிப்போடுதான் கேட்டான். "ஏன் அத்தான், நூறுல பதினைஞ்சு பேருன்னு சொன்னியளாமே. நான் அந்தப் பதினைஞ்சுல உண்டா?"

மைதீன், அது யாருக்கும் தெரியாது என்று உமக்கும் எனக்கும் தெரியும். அந்தப் பதினைந்து பேருக்கு முகம் கிடையாது. வகுப்பு இல்லாவிட்டாலும் அவன் தேறியிருப்பானா, வகுப்பால் தேறினானா என்று அவனுடைய நுரையீரலே சொல்லாது. அதைத்தான் சொல்லியிருக்க வேண்டும். அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். டவுன் பஸ் வந்தது. "உண்டு மாப்ளே" என்று சொல்லிவிட்டு ஏறிவிட்டேன்.

இரண்டு நாளாக இது என்னை உட்கார விடவில்லை. குழுவிடம் ஒரு தசமத்தைக்கூட மாற்ற மாட்டேன் என்று நின்றவன், அவனிடம் அப்படிச் சொல்லலாமா? நீர் அங்கே நின்றிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்? கோபமாகவாவது எழுதும். இல்லையென்றால் போன் செய்யும். இந்த முறை நான் மழையைப் பற்றிப் பேச மாட்டேன்.

உமக்கும் பிள்ளைகளுக்கும் ஆண்டவன் நல்ல உடம்பையும் நல்ல மூச்சையும் கொடுக்கட்டும்.

உம் பதிலை, உம் ஏச்சையும் சேர்த்து, எதிர்பார்க்கும்
தளவாய்